நாயகனையும் பிடிக்கவில்லை, நாயகியையும் பிடிக்கவில்லை: ‘வுதரிங் ஹைட்ஸ்’ படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எமிலி பிராண்ட்டே எழுதிய ஒரே நாவல் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1847 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் பாடத்துக்காக எடுப்பார்கள். மற்றவர்கள் ‘மாபெரும் காதல் கதை’ என்று யாரோ சொன்னதை நம்பி எடுப்பார்கள். இரண்டு தரப்பும் கொஞ்சப் பக்கங்களிலேயே ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இதில் ஒருத்தரைக்கூடப் பிடிக்கவில்லையே! அப்படி நிற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கதையை மறைத்து வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. முடிவு வரை சொல்லியிருக்கிறேன்.

படித்து நாளாகிவிட்டது. கதை என்ன?

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் மேட்டு நிலம். மரம் குறைவு, காற்று ஓயாது. நாலு மைல் இடைவெளியில் இரண்டு வீடுகள்: மேட்டில் எர்ன்ஷா குடும்பத்தின் வுதரிங் ஹைட்ஸ், கீழே லிண்டன் குடும்பத்தின் திரஷ்கிராஸ் கிரேஞ்ச். பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போய்விட்டு வரும்போது, தெருவில் பசியோடு கிடந்த ஒரு சிறுவனைத் தூக்கி வருகிறார். இறந்துபோன தன் மகனின் பெயரையே அவனுக்கு வைக்கிறார்: ஹீத்கிளிஃப். மகள் கேத்தரின் அவனோடு ஒட்டிக்கொள்கிறாள், மகன் ஹிண்ட்லி வெறுக்கிறான். அப்பா போனதும் ஹிண்ட்லி அவனை வேலைக்காரனாக்கிவிடுகிறான். கேத்தரின் கீழ்வீட்டு எட்கர் லிண்டனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்கிறாள். ஹீத்கிளிஃப் ஓடிப்போகிறான், மூன்று வருடம் கழித்துக் கையில் காசோடு வந்து இரண்டு வீட்டையும் பழிவாங்கத் தொடங்குகிறான். கேத்தரின் பிரசவத்தில் இறந்துபோகிறாள். பழி அடுத்த தலைமுறை மேல் இறங்குகிறது.

யாரையும் பிடிக்கவில்லை என்றால், கோளாறு என்னிடமா புத்தகத்திடமா?

இரண்டிடமும் இல்லை. இந்தக் கதையைச் சொல்பவர்களுக்கே இதன் நாயகனையும் நாயகியையும் பிடிக்காது. வேலைக்காரி நெல்லி டீன், கேத்தரினைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டே சொல்கிறாள். அவளிடம் கதை கேட்கும் லாக்வுட் லண்டன் பக்கத்திலிருந்து கிரேஞ்சுக்குக் குடிவந்த கனவான். இவர்களை விநோத ஜந்துக்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறவன். உங்கள் எரிச்சல் ஆசிரியர் எதிர்பார்க்காத ஒன்று அல்ல. எரிச்சலோடு பார்க்கிற இரண்டு பேர் வழியாகத்தான் கதையே உங்களிடம் வருகிறது.

இன்னொன்று. அந்த லாக்வுட்டும் லேசுப்பட்டவன் இல்லை. கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெண்ணைக் கண்ணாலேயே துரத்தியதையும், அவள் திரும்பிப் பார்த்ததும் நத்தை மாதிரி உள்ளே சுருங்கிக்கொண்டதையும், அவள் குழம்பிப்போய்த் தாயை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போனதையும் முதல் அத்தியாயத்திலேயே தானாகச் சொல்கிறான். வரவேற்பறையில் செத்த முயல்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, வளர்ப்புப் பூனைகள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப் பெண்ணிடம் பாராட்டாகப் பேசுகிறான். அந்த அத்தியாயங்களைச் சிரித்துக்கொண்டே படியுங்கள். சிரிக்க வேண்டிய இடம்தான்.

இது காதல் கதை இல்லையா? எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

ஏமாற்றத்தின் பாதி இந்த விளம்பரத்தால் வருகிறது. 1939-இல் வில்லியம் வைலர் எடுத்த ஹாலிவுட் படம் கேத்தரின் இறந்தபின் வருகிற தலைமுறையையே வெட்டிவிட்டது. கிட்டத்தட்ட பாதி நாவல் போயிற்று. மிச்சம் இருந்தது லாரன்ஸ் ஒலிவியர், மெர்ல் ஓபரான், புதர்மேடு, காற்று. (கேத்தரினாக நடித்த ஓபரான் பம்பாயில் பிறந்தவர், தன் இந்திய வேரை வாழ்நாள் முழுக்க மறைத்தவர். யார் எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்பதைப் பற்றிய கதையில் அவர் வந்து நடித்ததை என்னவென்று சொல்வது!) இந்தியிலும் 1966-இல் திலீப் குமார், வஹீதா ரஹ்மான் நடிப்பில் ‘தில் தியா தர்த் லியா’ என்று வந்தது. நாவலைத் தொடாதவர்கள் மனத்திலும் இப்படி ஒரு காதல் ஜோடி உட்கார்ந்துவிட்டது.

நாவல் இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. எட்கரின் தங்கை இசபெல்லா ஹீத்கிளிஃபை நம்பி வீட்டைவிட்டு ஓடிவந்து அவனை மணக்கிறாள். பதினான்காம் அத்தியாயத்தில் அவன் நெல்லியிடம், இசபெல்லாவை எதிரிலேயே வைத்துக்கொண்டு, கேலியாகச் சொல்கிறான்: இவள் என்னைக் காதல் கதாநாயகனாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள், கிரேஞ்சை விட்டுக் கிளம்பிய அன்று நான் முதலில் செய்த காரியமே இவள் நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டியதுதான், அதைப் பார்த்தும் இவளுக்குப் புத்தி வரவில்லை.

காதல் நாயகனைத் தேடி வருகிற வாசகரின் முகத்துக்கு நேரே, அந்த ‘நாயகனே’ சொல்கிற வார்த்தை இது. அட்டையில் ‘அமர காதல்’ என்று போடுகிற பதிப்பகங்கள் இந்த அத்தியாயத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

கேத்தரினுக்கும் ஹீத்கிளிஃபுக்கும் நடுவே இருப்பது பெரிய ஏதோ ஒன்று, அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அது நல்லது என்றோ, அவர்கள் நல்லவர்கள் என்றோ நாவல் எங்கேயும் சொல்லவில்லை.

கேத்தரினை எப்படிச் சகித்துக்கொள்வது?

எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் பார்க்க வந்திருக்கிறான். நெல்லி அறையைத் துடைக்கிற சாக்கில் நகராமல் நிற்கிறாள். எட்கர் கண்ணில் படாது என்று நினைத்து, கேத்தரின் நெல்லியின் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, கையைத் திருகிக் கிள்ளுகிறாள். நெல்லி சத்தம் போட்டதும் ‘நான் தொடவே இல்லை’ என்று சாதிக்கிறாள். நெல்லி சிவந்த தடத்தைக் காட்டுகிறாள். கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. பக்கத்தில் நின்ற, அண்ணன் ஹிண்ட்லியின் குழந்தை ஹேர்ட்டன் அழ, அவனைப் பிடித்து உலுக்குகிறாள். தடுக்க வந்த எட்கருக்கும் காதோடு சேர்த்து ஒன்று. எல்லாம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது.

எட்கர் கோபித்துக்கொண்டு முற்றம் வரை போகிறான். பிறகு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறான். பாதி கொன்ற எலியை விட்டுப் போகப் பூனைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் இவனுக்கும் முடிந்தது என்கிறாள் நெல்லி. உள்ளே வந்தவன் அன்றைக்கே காதலைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

இப்போது வயதைக் கவனியுங்கள். கேத்தரினுக்கு அப்போது பதினைந்து. அடுத்த அத்தியாயத்தில், ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழிவு என்றும், அவனும் தானும் ஒன்றே என்றும் ஒரே மூச்சில் சொல்கிறாளே, அதுவும் அதே பதினைந்தில்தான். தாய் இல்லை, தகப்பன் இல்லை, அண்ணன் குடிகாரன், படிப்பை யாரும் கவனிக்கவில்லை. எட்கரை மணந்தால் அந்தப் பணத்தில் ஹீத்கிளிஃபை அண்ணன் பிடியிலிருந்து மீட்கலாம் என்று ஒரு திட்டம் வேறு வைத்திருக்கிறாள். பதினெட்டு வயதில் செத்துப்போகிறாள். படங்களில் முப்பதை நெருங்கிய நடிகைகள் இவளாக நடித்து நடித்து, இது ஒரு பள்ளிக்கூட வயதுப் பெண்ணின் கதை என்பதே நமக்கு மறந்துவிட்டது.

வயதைச் சொன்னதால் எரிச்சல் முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே அவளுடைய பட்டினிக் கிடப்பும் கதவைச் சாத்திக்கொள்வதும் இன்னும் ஆயாசமாகத்தான் இருக்கிறது.

ஹீத்கிளிஃபின் குழந்தைப் பருவத்தைப் பார்த்து அவனை மன்னித்துவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் பார்க்க வேண்டும்.

இந்த நாவலின் கெட்டிக்காரத்தனமே, அவன் சிறுவனாக இருக்கும்போதே அவனை முழு அப்பாவியாகக் காட்டாததுதான். பெரியவர் எர்ன்ஷா பையன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குதிரைக்குட்டி வாங்கித் தருகிறார். அழகானதை ஹீத்கிளிஃப் எடுத்துக்கொள்கிறான். அது நொண்டத் தொடங்கியதும் ஹிண்ட்லியிடம் போய், உன் குட்டியைக் கொடு. இல்லாவிட்டால் இந்த வாரம் நீ என்னை மூன்று தடவை அடித்ததை உன் அப்பாவிடம் சொல்லி, தோள்வரை கன்றிப்போன கையைக் காட்டுவேன் என்கிறான். ஹிண்ட்லி எடைக்கல்லை எடுத்து எறிகிறான், அது நெஞ்சில் படுகிறது. ஹீத்கிளிஃப் விழுந்து, மூச்சு வாங்கி எழுந்து, போய் சேணத்தை மாற்றிக் கட்டிக்கொள்கிறான். அழவில்லை.

இந்தக் காட்சியில் யார் பக்கம் நிற்பீர்கள்? கை கன்றியிருப்பது உண்மை. அந்தக் கன்றலை அவன் காசாக்குவதும் உண்மை. வலியைச் சேர்த்து வைத்து உரிய நேரத்தில் செலவழிக்கக் கற்றுக்கொண்ட சிறுவன் இவன். பின்னால் வருகிற எல்லாமே இந்தக் கணக்கின் நீட்சி.

அவமானத்தைப் புரிந்துகொள்ள ஆறாம் அத்தியாயத்தைப் படியுங்கள். இரண்டு பிள்ளைகளும் இரவில் கிரேஞ்ச் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள், காவல் நாய் கேத்தரினின் காலைக் கவ்வுகிறது. அவள் யார் என்று தெரிந்ததும் உள்ளே தூக்கிப் போய், வெந்நீர் கொண்டுவந்து காலைக் கழுவி, மடியில் ஒரு தட்டுப் பலகாரத்தைக் கொட்டுகிறார்கள். அவனை வாசலோடு விரட்டுகிறார்கள். அவன் போகாமல் வெளியே நின்று ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்க்கிறான். அவள் சந்தோஷமாக இருக்கிறாளா, இல்லாவிட்டால் கண்ணாடியை உடைத்து அழைத்துப்போகலாமா என்று பார்க்கிறான். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

சரி, இதனால் மனைவியை வதைத்ததும், பெற்ற மகனைத் தூண்டிலாக வைத்ததும், இறந்தவளின் மகளை அடைத்துப்போட்டு அறைந்ததும் நியாயமாகிவிடுமா? ஆகாது. எமிலியும் ஆக்கிக் காட்ட முயலவில்லை. காரணம் தெரிவதும் மன்னிப்பதும் வேறு வேறு காரியம். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களை உட்காரவைத்து நகரவிடாமல் பிடிப்பதுதான் இந்த நாவல் செய்கிற வேலை.

அவன் எந்த ஊர்க்காரன்? வெள்ளைக்காரன் இல்லையா?

நாவல் முடிவாகச் சொல்லவில்லை. ‘கறுத்த தோல் ஜிப்சி’ என்று லாக்வுட் நினைக்கிறான். கிரேஞ்சின் பெரியவர் லிண்டன், அண்டை வீட்டுக்காரர் லிவர்பூலில் பிடித்துவந்த குட்டி லாஸ்கராக இருக்கும், அல்லது அமெரிக்கனோ ஸ்பானியனோ என்கிறார். லாஸ்கர் என்றால் ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமி. உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாமே என்று நெல்லி அவனைத் தேற்றுகிறாள். கதை நடக்கும் காலத்தில் லிவர்பூல் அடிமை வியாபாரத்தின் பெரிய துறைமுகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2011-இல் ஆண்ட்ரியா அர்னால்ட் எடுத்த படத்தில் ஹீத்கிளிஃபாகக் கறுப்பின நடிகர்கள் நடித்தார்கள். நாவலில் உள்ள குறிப்புகளிலிருந்துதான் அவர் எடுத்தார்.

நெல்லி மட்டும் நல்லவள்போல் தெரிகிறாளே?

கதை சொல்கிறவள் தன்னை வேறு எப்படிச் சொல்லிக்கொள்வாள்?

1958-இல் ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். இந்த நாவலின் வில்லனே நெல்லிதான் என்பது அவர் வாதம். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் அவர் காட்டும் திசையில் பார்த்தால் நிறையத் தெரிகிறது.

முதல் இரவு: லிவர்பூல் சிறுவனை யாரும் பக்கத்தில் படுக்கவிடவில்லை. காலையில் தொலைந்துபோயிருப்பான் என்ற நம்பிக்கையில் அவனை மாடிப்படியில் விட்டுவிட்டுப் போனவள் நெல்லி. அதற்காக அவளையே கொஞ்ச நாள் வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். கேத்தரின் தன் மனத்தைத் திறக்கும் அந்த ஒன்பதாம் அத்தியாயத்தில், இருட்டில் பெஞ்சில் படுத்திருந்த ஹீத்கிளிஃப் ‘இழிவு’ என்ற இடத்தில் எழுந்து போய்விடுகிறான். அவன் போவதைப் பார்த்தவள் நெல்லி. அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேத்தரின் ஓடிப்போய்ப் பிடித்திருப்பாள், கதை வேறாகியிருக்கும். நெல்லி ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுகிறாள். பிறகு கேத்தரின் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும்போது, எல்லாம் நடிப்பு என்று முடிவுகட்டி, புத்தக அறையில் இருந்த புருஷனிடம் நெல்லி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் கதவு திறந்தபோது ஆள் பாதியாகியிருக்கிறாள்.

ஆகவே, கேத்தரினைப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிற ஒவ்வொரு இடத்திலும், இது யார் வாய்வழி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிள்ளு வாங்கியவள் சொன்ன கதை இது. என்னைப் பொறுத்தவரை, பாத்திரங்களைப் பிடிக்காத வாசகருக்கு இந்த நாவலில் கிடைக்கிற நல்ல பிடி நெல்லிதான். மயங்கிப்போன வாசகரைவிட, எரிச்சலோடு படிக்கிறவர் அவளைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

இதை எழுதியவருக்கு இவர்களைப் பிடித்திருந்ததா?

எமிலி இதைப் பற்றி எந்த விளக்கமும் எழுதி வைக்கவில்லை. ஹாவொர்த் என்ற சிற்றூர்ப் பாதிரியாரின் மகள். 1818-இல் பிறந்தவர். எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் நாவல் வந்து ஒரு வருடத்தில், 1848 டிசம்பர் 19-இல், முப்பது வயதில் இறந்துவிட்டார். அவருடைய எழுதுபெட்டியில் நாவலுக்கு வந்த ஐந்து மதிப்புரைகளின் கத்தரிப்புகள் இருந்தன. எழுத்தில் வலு இருக்கிறது, ஆனால் மனிதர்கள் சகிக்கவில்லை என்கிற தொனிதான் அன்றைய மதிப்புரைகளில் அதிகம். அதாவது உங்கள் புகாருக்கு வயது நூற்றெழுபதுக்கும் மேல்.

அக்கா சார்லட்டே கூசினார். 1850-இல் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஹீத்கிளிஃப் போன்ற ஒரு பிறவியைப் படைப்பது சரிதானா என்று தனக்குத் தெரியவில்லை, சரியென்று தோன்றவும் இல்லை என்கிறார். தங்கையின் மேதைமையை ஊருக்கு உணர்த்த எழுதிய முன்னுரையில் இப்படி ஒரு வரி!

ஒரு நல்லவர்கூடவா இல்லை?

எட்கர் நல்லவன்தான், நல்ல அப்பாவும்கூட. ஆனால் ஓடிப்போன தங்கையைக் கைகழுவினானே, அந்த இடம் எனக்கு உறுத்தும். இசபெல்லாவை முட்டாள் என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதினேழாம் அத்தியாயத்தில் அவள் தப்பித்து ஓடிவருகிற காட்சியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். காதுக்குக் கீழே கத்திக் காயம், பனியில் நனைந்த மெல்லிய உடை. நெருப்பருகே உட்கார்ந்து, கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தட்டி நசுக்கிக் கரியில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கதை சொல்கிறாள். பிறகு லண்டன் பக்கம் போய்த் தனியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறாள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை.

ஹேர்ட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹிண்ட்லியின் மகன். தான் பட்டதையெல்லாம் இவன் படவேண்டும் என்று ஹீத்கிளிஃப் திட்டமிட்டே படிப்பு வாசனை இல்லாமல் வளர்க்கிறான். வாசல் நிலைக்கு மேலே 1500 என்ற ஆண்டும் தன் பெயரும் செதுக்கியிருக்கும், இவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கேத்தரினின் மகள் கேத்தி முதலில் இவனைக் கேலி செய்கிறாள், பிறகு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள். கடைசியில் ஹீத்கிளிஃப் செத்தபோது அழுதவன் இவன் ஒருவன்தான், எல்லோரையும்விட அதிகம் வஞ்சிக்கப்பட்டவன். இரவு முழுக்கப் பிணத்தருகே உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்கவே பயந்த அந்த முகத்தை முத்தமிடுகிறான். நாவலை முடித்த பிறகும் எனக்கு விளங்காமல் நிற்கிற இடம் எதுவென்றால், இதுதான்.

கேத்தரின் இறந்த பிறகும் பாதிப் புத்தகம் இருக்கிறதே. அங்கே நிறுத்திவிடலாமா?

34 அத்தியாயங்களில் 16-இலேயே அவள் போய்விடுகிறாள். நிறைய பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். தயவுசெய்து இங்கே மட்டும் நிறுத்தாதீர்கள். மனிதர்களைப் பிடிக்காவிட்டால் சொத்தைப் பின்தொடருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

1926-இல் சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் இந்த நாவலின் அமைப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கதையில் வரும் தேதிகள், வயதுகள், அன்றைய சொத்துச் சட்டம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, எமிலி எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று காட்டினார். இரண்டு குடும்பத்தின் வம்ச வரிசையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்துவதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

ஹீத்கிளிஃபின் வழி இது. ஹிண்ட்லி சூதாடக் காசு வேண்டும் என்று நிலத்தையெல்லாம் அடமானம் வைக்கிறான். அடமானம் பிடித்தவன் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லி செத்ததும் மேல்வீடு கைக்கு வந்துவிட்டது. கீழ்வீட்டுக்கு வேறு வழி. அன்றைய சட்டப்படி பெண்ணின் அசையும் சொத்து கல்யாணத்தோடு புருஷனுக்குப் போய்விடும். இசபெல்லா பெற்ற தன் நோயாளி மகனுக்கு (அவன் பெயரும் லிண்டன்), எட்கர் மகள் கேத்தியைப் பலவந்தமாகக் கட்டிவைக்கிறான். எட்கர் சாகுமுன் உயிலை மாற்ற வக்கீலுக்கு ஆள் அனுப்புகிறார். வக்கீலை ஹீத்கிளிஃப் ஏற்கெனவே விலைக்கு வாங்கிவிட்டான், வேண்டுமென்றே தாமதமாக வருகிறார். கொஞ்ச நாளில் மகனும் சாகிறான், அசையும் சொத்தெல்லாம் தகப்பனுக்கு என்று எழுதிவைத்துவிட்டு. மைனர் என்பதால் நிலத்தை எழுதிவைக்க அவனுக்கு உரிமை இல்லை. இருந்தும் ஹீத்கிளிஃப் அதையும் பிடித்துக்கொள்கிறான். எதிர்த்து வழக்காடக் கேத்தியிடம் காசும் இல்லை, ஆளும் இல்லை.

பேய் பிடித்தவன்போல் புலம்புகிற அந்த மனிதன், பத்திரத்தில் ஒரு வரி பிசகாமல் வேலை பார்க்கிறான். இது தெரிந்த பிறகு எனக்கு அவன்மேல் வெறுப்பு கூடியது. புத்தகத்தின்மேல் பிடிப்பும் கூடியது. நம் ஊரில் பங்காளி வழக்குப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி தனி விறுவிறுப்பு.

அவ்வளவும் கைக்கு வந்தபின் நடப்பதுதான் விநோதம். அழிக்க இனி ஓர் அடி போதும் என்கிற நேரத்தில், கை ஓங்க மனம் வரவில்லை என்கிறான். உயிலும் எழுதவில்லை, சொத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை, பூமியிலிருந்தே துடைத்தெறிய முடிந்தால் தேவலை என்கிறான். திருந்தினான் என்று சொல்ல முடியாது. அலுத்துவிட்டது. பழிவாங்கும் கதைகளில் இப்படி ஒரு முடிவு அபூர்வம்.

பெயர்கள் குழப்புகின்றன. எப்படிச் சமாளிப்பது?

ஒரு தாளில் வம்ச மரம் வரைந்து புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பல பதிப்புகளில் முன்பக்கத்திலேயே இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் ஜன்னல் திட்டில் கிறுக்கப்பட்ட மூன்று பெயர்களை லாக்வுட் படிக்கிறான்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன். இடமிருந்து வலமாக அம்மாவின் கதை. வலமிருந்து இடமாக மகளின் கதை. மகள் லிண்டனாகப் பிறந்து, ஹீத்கிளிஃபின் மருமகளாகி, எர்ன்ஷாவான ஹேர்ட்டனை மணக்கப்போகிறாள்.

வேலைக்காரக் கிழவன் ஜோசப் பேசுவது யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. புரியாவிட்டால் சாபம் விடுகிறான் என்று வைத்துக்கொண்டு நகருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். லண்டன்காரர்களுக்கே புரியாது என்று 1850 பதிப்பில் சார்லட் அந்தப் பேச்சைக் கொஞ்சம் இளக்கித்தான் அச்சிட்டார்.

முதலில் படம் பார்த்துவிட்டுப் படிக்கலாமா?

படித்துவிட்டுப் பாருங்கள். படங்களில் முகங்கள் அழகாகிவிடும். அப்புறம் புத்தகத்தில் அவர்கள் செய்கிற காரியம் இன்னும் கசக்கும்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை. விட்டுவிடலாமா?

தாராளமாக. நாயைத் தூக்கில் போடுவதையும் பெண்ணை அறைவதையும் படிக்க முடியவில்லை என்பது யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டிய விஷயம் இல்லை. சொந்த வீட்டில் இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு இது இலக்கிய ரசனைப் பிரச்சினையே அல்ல. விடுவதாக இருந்தால் ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு விடுங்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் ‘எனக்கு இவர்களைப் பிடிக்கவில்லை’ என்று எழுதாமல், எந்தக் காட்சியில், யார் சொல்கிற விதத்தால் வெறுப்பு வருகிறது என்று எழுதலாம். அது நல்ல விடைதான்.

முடித்துவிட்டேன். இன்னும் பிடிக்கவில்லை. அடுத்து என்ன படிப்பது?

எமிலியின் தங்கை ஆன், 1848-இல் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ என்ற நாவலை வெளியிட்டார். குடித்துச் சீரழிக்கிற கணவனை விட்டுக் குழந்தையோடு கிளம்பி, ஓவியம் விற்றுப் பிழைக்கிற பெண்ணின் கதை. ஹீத்கிளிஃப் போன்ற ஆட்களைத் தூரத்திலிருந்து பார்த்து மயங்கக்கூடாது, அவர்களோடு ஒரு வீட்டில் இருந்துபார்த்தால் என்னவாகும் என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். நாயகி ஹெலனை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவளைக் காதலிக்கிற கில்பர்ட், பொறாமையில் ஒருவனைச் சாட்டைக் கைப்பிடியால் மண்டையில் போடுகிறவன். அவனுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.